காவு கேட்கும் வருங்காலம்

பெரிய காரியம் எதுவும் காவு வாங்காமல் முடியாது என்று நம் ஜனங்களிடையே ஒரு பேச்சு உண்டு. பாலம் கட்டினாலும் சரி, அணை கட்டினாலும் சரி, அஸ்திவாரம் நிற்பதற்குத் தலைச்சன் பிள்ளை ஒன்றைக் கேட்டதாம் என்று திண்ணைக்குத் திண்ணை சொல்லிக்கொள்வார்கள். படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்து முடித்த கையோடு மேடையேறி, "வருங்காலச் சந்ததிக்காக இன்றைய தலைமுறை தன்னைத் தியாகம் செய்தே தீரவேண்டும்!" என்று முழங்குவார்கள். கை தட்டுகிறோம். திண்ணைப் பேச்சுக்கும் மேடைப் பேச்சுக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது எனக்கு விளக்கினால் தேவலை. அந்தக் காவுச்சாமிக்கு ஒரு மரமோ, சூலமோ அடையாளமாக இருந்தது. இந்தச் சாமிக்கு அதுவும் கிடையாது. இதற்கு 'வருங்காலம்' என்று பெயர் வைத்திருக்கிறோம். இன்னும் பிறக்காதது, ஆகவே வாய் திறந்து 'எனக்கு இது வேண்டும்' என்றோ, 'வேண்டாம்' என்றோ சொல்ல முடியாதது. அதன் சார்பில் பேசுகிற பூசாரிகள்தாம் நிறைய.

நான் ஆகாயத்தைப் பார்த்துப் பேசவில்லை. தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூருக்கு மேலே இருக்கிற மலைகளை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தச் சிறிய துண்டு, இந்த விஷயத்தில் நமக்குச் சொல்லக்கூடியவை பல.

2018-ஆம் வருஷம் மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறிப் போயிருந்த இளைஞர்களும் பெண்களும், சென்னையிலிருந்து ஒரு கூட்டமாகவும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டமாகவும் வந்தவர்கள், இறங்கி வருகையில் காட்டுத் தீயில் சிக்கிக்கொண்டார்கள். கோடையில் அந்தச் சரிவுகளில் புல் ஆள் உயரத்துக்குக் காய்ந்து நிற்கும். காற்று மேல்நோக்கி வீசினால் தீ மனிதனைவிட வேகமாக மலையேறும். அன்றும் அதன் பிறகு ஆஸ்பத்திரிகளிலுமாக மொத்தம் 23 பேர் மாண்டுபோனார்கள். பெரும்பாலோர் இருபது, முப்பது வயதுக்காரர்கள். கூக்குரல் கேட்டு முதலில் மேலே ஓடியவர்கள் கீழே இருந்த ஊர்ஜனங்கள். விமானப்படை ஹெலிகாப்டரும் கமாண்டோக்களும் பிற்பாடு வந்தார்கள். இருட்டில் கம்பளியிலும் போர்வையிலும் வைத்துச் சுமந்து இறக்கிய கைகள், ஏலத்தோட்டத்துக்கும் காட்டுக்கும் கூலிக்குப் போகிற கைகள்.

இதற்கப்புறம் என்ன நடந்தது? விசாரணைக்கு ஓர் உயர் அதிகாரியை நியமித்தார்கள். மலையேற்றத்துக்குத் தடை வந்தது. அந்த வருஷமே புதிய விதிகளும் வந்தன. 2024 அக்டோபரில் தமிழகமெங்கும் நாற்பது மலைப்பாதைகளை, முன்பதிவு, வழிகாட்டி என்ற ஏற்பாடுகளுடன் சர்க்காரே திறந்துவிட்டது. இவையெல்லாம் நல்ல காரியங்கள். குறை சொல்ல மாட்டேன். எனக்கு ஆத்திரம் வருவது வேறொன்றின் மேல். இப்படி ஒரு விபத்து நடந்தவுடன் இரங்கற் கூட்டங்களில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது: "அவர்களுடைய உயிர் வீண்போகவில்லை, வருங்காலத்துக்கு ஒரு பாடமாக அமைந்தது."

வீண்தான் போயிற்று ஐயா! சொல்லுவதற்குக் கூசாதீர்கள். மலைமேல் காற்று வாங்கப் போன பெண் யாருக்கும் பாடம் நடத்தப் போகவில்லை. திங்கட்கிழமை காலை ஆபீஸுக்குத் திரும்ப வேண்டுமென்ற நினைப்போடு இறங்கிக்கொண்டிருந்தாள். காய்ந்த புல்லில் தீ பரவும் என்ற பாடம் அவள் பிறப்பதற்கு ஆயிரம் வருஷம் முன்பே மலைவாசிகளுக்குத் தெரிந்த பாடம். தெரிந்த பாடத்தைப் படிக்காமல் விட்டவர்கள் நாம். பரீட்சை எழுதி உயிரைக் கொடுத்தவர்கள் அவர்கள். பிறகு, அந்த மரணத்தையே நமக்கு நடந்த உபகாரம்போல வரவில் எழுதிக்கொள்கிறோம். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய், "உன் மகள் வருங்காலத்துக்கு உதவினாள்" என்று சொல்ல எந்த நாக்கு புரளும்? கூட்டத்தில் புரளுகிறது. தாய் அங்கே உட்கார்ந்திருக்க மாட்டாள் என்ற தைரியம்.

தியாகம் என்ற சொல்லை நாம் ரொம்பவும் மலிவாக்கிவிட்டோம். ஒருவன் தன்னுடையதை, தான் அறிந்து, தன் மனத்தால் விட்டுக்கொடுத்தால் அது தியாகம். இன்னொருவனுடையதை நாம் எடுத்துக் கொடுத்தால் அது காவு. கவனக்குறைவால் போய்விட்டதென்றால் அது நஷ்டம், வெறும் நஷ்டம். கோயில் முன்னால் கட்டியிருக்கிற ஆட்டுக்கடாவுக்குத் தலையில் தண்ணீர் தெளித்து, அது தலையைச் சிலிர்த்தால் 'சாமி உத்தரவு கொடுத்துவிட்டது' என்பார்கள். தண்ணீர் பட்டால் ஆடு தலையைச் சிலிர்க்காமல் வேறென்ன செய்யும்? நாட்டில் நடக்கிற 'சம்மதம்' பலவும் இந்த ரகம்.

பழைய காலத்து மனிதர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட நாணயமாக இருந்தார்கள் என்று எனக்குப் படுகிறது. இதே தேனி மாவட்டத்தில், ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பை என்ற ஊரில், 2006-ஆம் வருஷம் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் சில நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்தவை. தமிழகத்தில் கிடைத்துள்ள நடுகற்களிலேயே மிகப் பழமையானவற்றுள் சேர்ந்தவை. அவற்றில் ஒன்று, கூடலூர் ஆநிரைச் சண்டையில் பட்ட தீயன் அந்தவன் என்கிறவனுக்கு நட்டது. அவ்வளவுதான் செய்தி. எந்த ஊர், என்ன சண்டை, யார் செத்தான். பாடம் இல்லை, வருங்காலச் சந்ததி இல்லை. மாடு கண்ணுக்கு முன்னால் நின்றது, ஆள் செத்தான், பெயர் எழுதினார்கள். ஈராயிரம் வருஷத்துக்கு மேல் கழித்து அவன் பெயர் நமக்குத் தெரிகிறது. நூற்றைம்பது வருஷம்கூட ஆகாத ஒரு காரியத்தில், அதே மாவட்டத்தில், செத்தவர்கள் எத்தனை பேருடைய பெயர் தெரியும்?

முல்லைப் பெரியாற்று அணையைச் சொல்லுகிறேன். 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்தது. மேற்கே ஓடிக் கடலில் விழுந்துகொண்டிருந்த தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய காரியம் அது. கம்பம் பள்ளத்தாக்கு பச்சையாக இருப்பதற்கும், மதுரைச் சீமை தாண்டி இராமநாதபுரம்வரை வயல்கள் ஈரம் காண்பதற்கும் அதுதான் காரணம். பென்னிகுயிக் துரையின் பிறந்தநாளான ஜனவரி 15 அன்று ஊர்ஊராகப் பொங்கல் வைக்கிறார்கள். வீட்டுச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அவர் படம் தொங்குகிறது. லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் இருக்கிறது. நன்றியுள்ள ஜனங்கள், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்தக் காட்டில் கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவர்கள் மலேரியாவிலும் காலராவிலும் கொத்துக் கொத்தாகச் செத்தார்களே, அவர்களும் ஒரு பொங்கலுக்குப் பாத்தியப்பட்டவர்கள்தாமே?

உடனே எனக்கு ஒரு கேள்வி வரும். "அப்படியானால் அணையே கட்டியிருக்கக்கூடாது என்கிறீரா?" இல்லை. கம்பம் பள்ளத்தாக்கு அரிசிச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே அந்த அணையை ஏசுவது எனக்குப் பிடிக்காத வேலை. கட்டியது சரி. நான் சொல்லுவதெல்லாம் கணக்கை ஒழுங்காக எழுதுங்கள் என்பதுதான். அங்கே செத்த கூலி, அடுத்த நூற்றாண்டின் நெல்லுக்காகச் சாகவில்லை. அன்றைய கூலிக்காக வந்தான், கொசு கடித்துச் செத்தான். கொசுதான் மலேரியாவைக் கொண்டுவருகிறது என்பதை ரொனால்டு ராஸ் செக்கந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897-இல். அணை முடிந்து இரண்டு வருஷம் கழித்து! ஆகவே அன்றைய எஞ்சினீயர்களுக்கு 'தெரியாது' என்று சொல்ல ஓரளவு இடமுண்டு. எல்லாம் தெரிந்த பிறகும் இன்று மனிதர்கள் செத்தால், அதற்கும் 'வளர்ச்சிக்கான விலை' என்று பெயர் வைக்கிறோமே, நமக்கு என்ன சமாதானம் இருக்கிறது? விலை என்றால் வாங்குகிறவன் கொடுப்பது. இங்கே வாங்குகிறவன் ஒருவன், கொடுக்கிறவன் ஒருவன். இதை எந்தக் கடையில் வியாபாரம் என்று ஒப்புக்கொள்வார்கள்?

கதை படிக்கிற வாசகர்களுக்கு ஒரு கதை சொல்லுகிறேன். ஆந்தனி டிரோலப் என்ற ஆங்கில நாவலாசிரியர் 1882-இல் ஒரு நாவல் வெளியிட்டார். கதை நடப்பது 1980-இல்; அவருக்கு அது நூறு வருஷத்துக்கு அப்பாலுள்ள கற்பனைக் காலம். பிரிட்டானுலா என்றொரு தீவு. அங்கே பொதுநலத்தை உத்தேசித்து ஒரு சட்டம் செய்கிறார்கள்: அறுபத்தேழு வயதானவர்களை ஒரு மாளிகையில் கொண்டுபோய் மரியாதையாக வைத்திருந்து, ஒரு வருஷத்துக்குள் சிரமமில்லாமல் முடித்துவிட வேண்டியது. மூப்பின் அவதி அவர்களுக்கு மிச்சம்; செலவு நாட்டுக்கு மிச்சம். சட்டம் நிறைவேறியபோது கைதூக்கியவர்களில் ஒருவர் நல்ல திடகாத்திரமான பண்ணைக்காரர். முதலில் போக வேண்டிய முறை அவருக்கே வருகிறது. என்ன செய்கிறார் தெரியுமா? தம் வயதில் ஒன்றைக் குறைத்துச் சொல்லிப் பார்க்கிறார்! டிரோலப் மனித சுபாவத்தை அறிந்தவர். பொதுநலம் பொதுவாக இருக்கும்வரை இனிக்கிறது. நம் வீட்டுக் கதவைத் தட்டினால் வயதைக் குறைத்துச் சொல்லத் தோன்றுகிறது. அந்த நாவல் வெளிவந்த வருஷமே, தமது அறுபத்தேழாவது வயதில், டிரோலப் காலமானார். விதிக்கும் ஹாஸ்ய உணர்ச்சி உண்டு போலிருக்கிறது.

நூற்று நாற்பது வருஷம் கழித்து, 2022-இல், ஜப்பானில் சீ ஹயகாவா என்ற பெண்மணி ஒரு சினிமா எடுத்தார்: 'பிளான் 75'. எழுபத்தைந்து வயதானவர்கள் விரும்பினால் நாட்டின் நன்மைக்காக உயிரை விடலாம். சர்க்கார் கைச்செலவுக்குக் கொஞ்சம் பணமும் கொடுக்கும். 'விரும்பினால்' என்ற சொல்லில்தான் விஷம் இருக்கிறது. வேலையிலிருந்து அனுப்பி, வாடகைக்கு வீடு கிடைக்காமல் செய்து, பேச்சுத் துணையையும் பறித்துவிட்ட பிறகு, 'விரும்புகிறாயா பாட்டி?' என்று கேட்டால் பாட்டி என்ன சொல்லுவாள்? தண்ணீர் தெளித்த ஆடு ஞாபகத்துக்கு வருகிறது.

இதெல்லாம் மேல்நாட்டுக் கற்பனை, ஜப்பான் கற்பனை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். நம் தென்மாவட்டங்களில், முக்கியமாக விருதுநகர் வட்டாரத்தில், 'தலைக்கூத்தல்' என்ற பெயரில் படுத்த படுக்கையான கிழங்களைக் குடும்பத்தாரே வழியனுப்பி வைக்கிற சங்கதி 2010-இல் பத்திரிகைகளில் அம்பலமாயிற்று. 'பாரம்' என்றொரு தமிழ்ப்படம் அதையே கதையாகக் கொண்டு தேசிய விருதும் பெற்றது. அவர்கள் கற்பனைக் காலத்துக்குச் சட்டமாக எழுதிப் பார்த்ததை நாம் சட்டமில்லாமலே, கொல்லைப்புறத்தில், எண்ணெய்க் கிண்ணத்தோடு நடத்தி முடிக்கிறோம். அங்கேயும் காரணம் என்ன சொல்கிறார்கள்? 'பிள்ளைகள் பிழைக்க வேண்டாமா? பேரன் படிக்க வேண்டாமா?' மறுபடியும் வருங்காலம்!

இந்த வருங்கால வாதத்தை இப்போது சாஸ்திரமாகவே ஆக்கியிருக்கிறார்கள். ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த வில்லியம் மக்காஸ்கில் என்ற தத்துவ ஆசிரியர் 2022-இல் இதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். இனிமேல் பிறக்கப்போகிறவர்களின் தொகை இன்றிருப்பவர்களைவிடப் பல மடங்கு. ஆகையால் அவர்களுடைய நலனுக்கு உரிய எடை கொடுக்க வேண்டும் என்பது சாரம். அவர் யாரையும் கொல்லச் சொல்லவில்லை. நியாயத்துக்கு அதையும் சொல்லிவிட வேண்டும். மரத்தை வெட்டாதே, ஆற்றைக் கெடுக்காதே என்ற அளவில் அது நம் பாட்டிமார் சொன்னதுதான். ஆனால் தொகையை வைத்து நியாயம் பேசத் தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்பதைத்தான் யோசிக்கிறேன். பிறக்காதவர்களின் தொகைக்கு எல்லையே கிடையாது. எல்லையற்ற தொகையைத் தராசின் ஒரு தட்டில் வைத்துவிட்டால், மறுதட்டில் குரங்கணியை வைத்தாலும், போடியை வைத்தாலும், தமிழ்நாட்டையே வைத்தாலும் தட்டு மேலேதான் நிற்கும்! தஸ்தயேவ்ஸ்கியின் இவான் கரமசோவ் இந்தத் தராசைப் பார்த்துத்தான் சீறினான். உலக சுகம் முழுவதும் ஒரு குழந்தையின் கண்ணீரின் மேல் கட்டப்படுமானால் அந்த மாளிகைக்கு எனக்கு டிக்கெட் வேண்டாம் என்கிற தோரணையில் அவன் பேசுவதைப் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

இனி, குரங்கணித் தீ அணைந்து மூன்று வாரம் ஆவதற்குள் மூண்ட இன்னொரு தீயைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுதக் கை கூசுகிற விஷயம். ஆனாலும் எழுதாமல் விடுவதற்கில்லை.

அதே போடி மேற்கு மலையில், தேவாரத்துக்குப் பக்கத்தில் பொட்டிபுரம் என்ற ஊரையொட்டி, நியூட்ரினோ ஆராய்ச்சிக் கூடம் ஒன்று கட்ட 2015 ஜனவரியில் மத்திய மந்திரிசபை ஒப்புதல் கொடுத்தது. சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டம். மலைக்குள் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் சுரங்கம். அதன் கோடியில் 50,000 டன் இரும்பில் ஒரு காந்தக் கருவி. நியூட்ரினோ என்பது விஷமல்ல. நீங்கள் இதைப் படிக்கிற நொடியில்கூடக் கோடிகோடியாக உங்கள் உடம்பைத் துளைத்துக்கொண்டு போகிறது. உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் 1965-இலேயே நம்மவர்கள் அதைத் தேடிப் பிடித்துப் பேர்வாங்கினார்கள். விஞ்ஞானத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஊர்க்காரர்கள் பயந்தது துகளைக் கண்டு அல்ல. வெடி வைப்பதையும், தோண்டுவதையும், தண்ணீர் என்னாகுமோ என்பதையும், ஆடுமாடு மேய்க்கிற மலை அடைபட்டுப் போகுமோ என்பதையும் நினைத்துப் பயந்தார்கள். விஞ்ஞானிகள், "இது வருங்கால பாரதத்தின் அறிவுச் செல்வம்" என்றார்கள். எதிர்த்தவர்கள், "இது வருங்காலச் சந்ததியின் தண்ணீர்" என்றார்கள். இரு தரப்பும் ஒரே சாமியின் பெயரால் ஆணையிட்டார்கள்!

2018 மார்ச் 31-ஆம் தேதி, அந்தத் திட்டத்தை எதிர்த்து மதுரையில் நடைப்பயணம் புறப்பட்ட இடத்தில், சிவகாசிப் பக்கத்துத் தொண்டர் ஒருவர் தீக்குளித்தார். பிறகு இறந்துபோனார். கட்சித் தலைவர் மேடையிலேயே கலங்கிப்போனார்.

அந்த மனிதரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் மனத்தில் இருந்த வேதனையை அளக்க நான் யார்? நான் குறை சொல்வது அவருக்குப் பின்னால் நின்ற மொழியை. "உயிரைக் கொடுத்தாவது தடுப்போம்", "எங்கள் பிணத்தின் மேல்தான் சுரங்கம் தோண்ட முடியும்", "ரத்தத்தின் கடைசிச் சொட்டு உள்ளவரை..." இப்படியெல்லாம் நாற்பது வருஷம், ஐம்பது வருஷம் மைக்கில் பேசி வளர்ந்திருக்கிறோம். பேசுகிறவருக்கு அது அலங்காரம். கீழே மணலில் உட்கார்ந்து கேட்கிற ஆயிரம் பேரில் ஒருவருக்கு அது உத்தரவு. அந்த ஒருவர் யாரென்று பேசுகிறவருக்குத் தெரியாது. தெரியாதென்பது சமாதானமாகிவிடுமா? கூட்டம் முடிந்து காரில் போகிறவர் வீட்டில் அன்றிரவு ரசம் சாதம். போனவர் வீட்டில் மாசாமாசம் பால்காரன் கணக்கு, பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளம், ரேஷன் கார்டில் பெயர் நீக்கச் சொல்லித் தாலுகா ஆபீஸ். படத்துக்கு மாலை போடுகிறவர்கள் வருஷத்துக்கு ஒருநாள் வருவார்கள். மற்ற முந்நூற்று அறுபத்து நாலு நாளையும் ஒரு பெண்பிள்ளை தனியாகத் தள்ள வேண்டும்.

"சின்னச்சாமியை மறந்துவிட்டீரா?" என்று கேட்பார்கள். மறக்கவில்லை. 1964 ஜனவரி 25 அன்று திருச்சியில் தமிழுக்காகத் தீக்குளித்தவர். மறு வருஷமும் பலர் அதே வழியில் போனார்கள். அவர்களைப் பற்றிப் பேசும்போது தொண்டை அடைக்கிறது, அடைக்கத்தான் வேண்டும். ஆனால் தமிழுக்கு வந்த பலன் அந்த நெருப்பிலிருந்து வந்ததென்று சொல்லுகிறவர்கள், 1965-இல் தெருவுக்கு வந்த மாணவர்களையும், 1967-இல் வரிசையில் நின்று வாக்குப்போட்ட லட்சோப லட்சம் ஜனங்களையும், 1968 ஜனவரியில் சட்டசபையில் இருமொழித் தீர்மானம் கொண்டுவந்த அண்ணாதுரையையும் சின்னவர்களாக்கிவிடுகிறார்கள். அந்த வாக்குச் சீட்டைப் போட்டவர்கள் உயிரோடிருந்தவர்கள். சின்னச்சாமியும் இருந்திருந்தால் அவருக்கும் அதில் ஓர் ஓட்டு உண்டு. 2009 ஜனவரி 29 அன்று ஈழத்துப் போரை நிறுத்தச் சொல்லிச் சென்னையில் முத்துக்குமார் மாண்டார். எவ்வளவு தெளிவாக, எவ்வளவு நீளமாக ஒரு கடிதம் எழுதிவைத்துப் போனார்! போர் நிற்கவில்லை. மே மாதம் அது எப்படி முடிந்ததென்பது உங்களுக்குத் தெரியும். அப்படி எழுதத் தெரிந்த ஒரு பேனா இன்றைக்கு இருந்தால் எத்தனை காரியத்துக்கு உதவும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

பொட்டிபுரத்துக்கே வருவோம். சுரங்கம் இன்றுவரை தோண்டப்படவில்லை. எதனால்? உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு மனுப்போட்டவர்களால். 2017-இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்ததே, அதற்காகக் கட்டுக் கட்டாகக் காகிதம் படித்தவர்களால். மறுவருஷம் மத்திய சர்க்கார் மறுபடி அனுமதி கொடுத்தபோது, பக்கத்திலிருக்கிற மதிகெட்டான் சோலையைக் காட்டி, வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலும் வேண்டுமென்று வாதாடியவர்களால். கிராம சபையில் கை தூக்கிய ஆடு மேய்க்கிறவர்களால். கடைசியில் 2022-இல், இந்தத் திட்டம் இங்கே கூடாதென்று தமிழ்நாடு அரசே சுப்ரீம் கோர்ட்டில் சொல்லிற்று. திட்டம் நல்லதா, கெட்டதா என்று நீங்கள் சண்டை போட்டுக்கொள்ளுங்கள். அது தனி வழக்கு. வழக்கு நடத்தியவர்கள் உயிரோடிருந்தவர்கள் என்பது மட்டும் எனக்குப் போதும். பஸ் பிடித்துச் சென்னைக்கும் மதுரைக்கும் அலைந்து, வக்கீல் வீட்டு வாசலில் காத்திருந்து, பிள்ளைகளிடம் திட்டு வாங்கி, சலித்துப்போய், மறுபடியும் பஸ் பிடித்தவர்கள். இவர்களுக்கு மண்டபம் கிடையாது. நம் தொடர்கதைகளிலும் இவர்களுக்கு இடம் கிடையாது. லட்சியக் கதாநாயகன் கடைசி அத்தியாயத்தில் செத்தால்தான் வாசகி கண்ணைத் துடைத்துக்கொள்வாள், ஆசிரியருக்குக் கடிதம் வரும். நாற்பதாவது வாய்தாவுக்குப் போகிறவனை வைத்து எந்தப் பத்திரிகையில் தொடர் எழுதுவது?

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. நாம் யாருக்காக உயிரைக் கேட்கிறோமோ அந்த வருங்காலம், சொன்னபடி வருவதே இல்லை. அதற்கும் குரங்கணியே சாட்சி. நூறு வருஷத்துக்கு முன் அந்த மலைக்கு ஒரு வருங்காலம் நிச்சயம் செய்யப்பட்டிருந்தது. மூணாற்றுத் தேயிலையை 1902-இல் ஒற்றைத் தண்டவாளத்திலும், 1908-க்குப் பிறகு சின்ன ரயிலிலும் ஏற்றி மலையுச்சிக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து கம்பிவழியாகத் தொங்கவிட்டுக் குரங்கணிப் பக்கம் கொட்டகுடிக்கு இறக்கினார்கள். அங்கிருந்து போடிக்கு வண்டி. துரைமார்கள் அதைப் பார்த்து, இனி ஆயிரம் காலத்துக்கு இதுதான் வழி என்று நினைத்திருப்பார்கள். 1924-இல் வெள்ளம் வந்தது. மலையாளத்தார் இன்றும் 'தொண்ணூற்றொன்பதாம் வருஷ வெள்ளம்' என்று சொல்லுகிற பெருவெள்ளம். ரயில் போயிற்று, திரும்பக் கட்டவே இல்லை. போடிக்கு 1928-இல் வேறு ரயில் வந்தது. அதுவும் அகலப் பாதையாக்குகிறோமென்று 2010 கடைசியில் நின்று, பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் கழித்து 2023 ஜூனில்தான் திரும்பி வந்தது. மலைமேல் மிச்சமிருப்பது பெயர்கள்தாம். ரயிலே இல்லாத காட்டில் ஒரு 'டாப் ஸ்டேஷன்', கொஞ்சம் கீழே ஒரு 'சென்ட்ரல் ஸ்டேஷன்'. அந்தத் தண்டவாளம் போட்டபோது பாறை உருண்டு ஒரு கூலி செத்திருந்தால், அவனை எந்த வருங்காலத்தின் கணக்கில் வரவு வைப்பது? அந்த வருங்காலமே முறிந்துபோயிற்றே!

ஆகவே, வருங்காலத்தின் மேல் அக்கறையுள்ளவர்கள் விடியற்காலையில் போடியில் வந்து நின்று பாருங்கள். ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஜீப்புகள் வரிசையாகப் போடிமெட்டு நோக்கிப் புறப்படும். எட்டுப் பேர் உட்காரக்கூடிய வண்டியில் பதினைந்து, பதினாறு பெண்கள், தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு. கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி தடுமாறிக் கவிழ்ந்தால் மறுநாள் பத்திரிகையின் மூலையில் ஒரு செய்தி. அவர்களை யாரும் தியாகிகள் என்று அழைப்பதில்லை. அந்த மட்டும் நல்லது. ஆனால் வண்டிக்கு இத்தனை பேர்தான் என்று கண்டிப்பாக ஏற்றிவிட, தோட்டக்காரர் இரண்டாவது ஜீப்புக்குக் காசு கொடுக்க, செக்போஸ்ட்டில் இருக்கிறவர் வண்டிக்குள் எட்டிப் பார்க்க எந்த உயிரும் தேவையில்லை. கொஞ்சம் பணமும் கொஞ்சம் வெட்கமும் போதும்.

குரங்கணிக்கும் அப்படித்தான். தை கழிந்து மாசி பிறந்தால் சரிவுகளில் புல் பழுக்கத் தொடங்கும். அதற்கு முன்பாகவே தீத்தடுப்புக் கோடு வெட்டியாக வேண்டும். நாலைந்து பாகம் அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி வெறும் மண்ணாக்கி வைத்தால், இந்தப் பக்கத்துத் தீ அந்தப் பக்கம் தாவாது. வெட்டுவதற்கு ஆள் வேண்டும். மலையை அறிந்த ஆட்கள் குரங்கணியிலும் கொட்டகுடியிலும் முதுவாக்குடியிலும் இருக்கிறார்கள். கோடை மாதங்களுக்கு மட்டும் தற்காலிகக் கூலியாக எடுத்து, மழை வந்ததும் அனுப்பிவிடுகிற காவலுக்கு, பச்சைக் கிளையை ஒடித்துத் தீயை அடிக்கிற அந்த மனிதனுக்கு, காலில் போட நல்ல பூட்ஸ் ஒரு ஜோடி, மாசம் பிறந்தால் சம்பளம், தீப்பட்டால் வைத்தியச் செலவு. இவ்வளவுக்கும் எத்தனை ரூபாய் ஆகுமென்று கணக்குப் போட்டு, அடுத்த மார்ச் மாதத்துக்கு முன்னால் கொடுத்தாயிற்றா என்று கேளுங்கள். உங்கள் சட்டசபை அங்கத்தினரிடம் கேளுங்கள். மலையேற முன்பதிவு செய்கிறபோது அந்த ஆபீஸிலேயே கேளுங்கள். கொழுக்குமலையில் சூரியோதயம் பார்த்துவிட்டு, டீ குடித்துக்கொண்டே, பக்கத்தில் தடியூன்றி நிற்கிற வழிகாட்டியிடமும் கேளுங்கள். போன வருஷம் கோடு எங்கே வெட்டினார்கள், எங்கே வெட்டாமல் விட்டார்கள் என்று அவர் கையை நீட்டிக் காட்டுவார்.